வாட்ஸ்அப் ரியாக்‌ஷனில் தொனி எவ்வளவு தூரம் போகும்?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அழுத்திப் பிடித்தால் எமோஜி வரிசை ஒன்று எழும்புகிறதே, அந்த ரியாக்‌ஷன் வசதி 2022 மே மாதம் வந்தது. அப்போது கட்டைவிரல், இதயம், கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், வாய் பிளந்த முகம், அழும் முகம், கூப்பிய கை என்ற ஆறுதான். ஜூலையில் கூட்டல் குறியைத் தட்டி எந்த எமோஜியையும் போடலாம் என்று ஆக்கினார்கள். "பார்த்துவிட்டேன்" என்று தெரிவிக்க இது அருமையான வசதி. தொனியை உணர்த்த இதை மட்டும் நம்பினால் சிக்கல்தான்.

அருமை எங்கே என்றால், பெரிய குரூப்புகளில். "நாளை தண்ணீர் வராது" என்று அபார்ட்மென்ட் செயலாளர் போட்டதும் ஆளுக்கொரு "ஓகே சார்" எழுதினால் எல்லோருடைய போனும் அலறும். ரியாக்‌ஷனுக்கான அறிவிப்பு செய்தியை எழுதியவருக்கு மட்டுமே போகிறது. அதுவும் தொல்லை என்றால் அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குள் போய் நிறுத்திவிடலாம்.

ஆனால் ஸ்மைலி பிறந்ததே வேறு வேலைக்காக. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் போடச் சொன்னது, எழுதுகிறவர் தன் வரி விளையாட்டுக்குச் சொன்னது என்று காட்டத்தான். ரியாக்‌ஷன் அடுத்தவர் வரிமேல் ஒட்டுகிறது. நீங்கள் என்ன மனநிலையில் எழுதினீர்கள் என்பதை அது காட்டாது. அதற்கு எமோஜி உங்கள் வாக்கியத்தின் கடைசியிலேயே இருக்க வேண்டும். நடுவில் செருகாதீர்கள், திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் போன்ற செயலிகள் ஒவ்வொரு எமோஜியின் பெயரையும் உரக்கச் சொல்லும். பார்வையற்றவருக்கு வாக்கியம் பாதியில் அறுபடும்.

தமிழில் இன்னொன்றும் உண்டு. நம் தொனியின் பெரும்பகுதி சொல்லின் வாலில், அதாவது "ங்க" போன்ற விகுதியில் இருக்கிறது. "ஏன் வரல?" என்று கேட்டுச் சிரிப்பு முகம் ஒட்டினாலும் அதட்டல் முழுசாகப் போவதில்லை. "ஏங்க வரல, உடம்பு சரியில்லையா?" என்றால் எமோஜியே தேவைப்படாது. "சரி" என்ற ஒற்றைச் சொல் கோபமாகப் படும் இடத்தில் "சரிங்க" போதும். வாலைச் சரியாக வைத்த பிறகுதான் முகத்தைச் சேர்க்க வேண்டும்.

அந்த முகமும் எல்லாத் திரையிலும் ஒன்றாக இருப்பதில்லை. எழுத்துக்கும் எமோஜிக்கும் உலகப் பொதுத் தரமான யூனிகோடு தருவது எண்ணும் பெயரும்தான்; வரைவது ஒவ்வொரு நிறுவனமும். கண்ணும் சேர்ந்து சிரிக்கும் பல்தெரியும் முகம், 2016இல் ஐஓஎஸ் 10 வரும்வரை ஐபோனில் பல்லைக் கடித்துக்கொள்வதுபோலத் தெரிந்தது. வாட்ஸ்அப் 2017 முதல் ஆண்ட்ராய்டில் தன் சொந்த ஓவியங்களைக் காட்டுவது இந்த விஷயத்தில் பெரிய உதவி: எந்த ஆண்ட்ராய்டு போனானாலும் உள்ளே ஒரே முகம். அதனால்தான் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தேர்ந்தெடுத்த முகம் தட்டச்சுப் பெட்டியில் விழுந்ததும் சற்று மாறித் தெரிகிறது. அதையே நகலெடுத்து எஸ்எம்எஸ்ஸில் ஒட்டினால் மறுபடி வேறு உருவம். பழைய போனுக்குப் புத்தம்புதிய எமோஜி அனுப்பினால் வெறும் கட்டமாகவே போய்ச் சேரலாம்.

துக்கச் செய்திகளில்தான் இந்த வசதி மிக மோசமாகக் காலைவாருகிறது. முதல் ஆறில் சிரித்துக் கண்ணீர் விடும் முகமும் அழும் முகமும் ஒரே ஒரு முகம் தள்ளி இருந்தன. சின்ன உருவில் இரண்டிலும் தெரிவது நீலத் துளிதான். மங்கிய பார்வைக்குத் தவறாகத் தட்டுவது எளிது. தேம்பி அழும் இன்னொரு முகத்தை இளையவர்கள் "சிரிச்சே செத்தேன்" என்ற பொருளில் போடுகிறார்கள்; பெரியவர்கள் அதை அழுகையாகவே படிக்கிறார்கள். கூப்பிய கை வணக்கத்துக்கும் நன்றிக்கும் கெஞ்சலுக்கும் அஞ்சலிக்கும் பொது. இரங்கலுக்கு ரியாக்‌ஷன் வேண்டாம், இரண்டு வரி எழுதுங்கள். தவறாகப் போட்டிருந்தால் செய்திக்குக் கீழே இருக்கும் எமோஜியைத் தட்டி, வரும் பட்டியலில் உங்கள் பெயரைத் தட்டினால் நீங்கிவிடும். ஆனால் அதற்குள் அறிவிப்பு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஒரு வார்த்தை விளக்கிவிடுவது நல்லது.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் கட்டைவிரலை அறவே தவிர்க்கச் சொல்வேன். கனடாவின் சஸ்காட்சுவானில் ஆளிவிதை வாங்கும் நிறுவனம் 2021இல் ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி உறுதிசெய்யக் கேட்டது. விவசாயி கட்டைவிரல் எமோஜியை அனுப்பினார். கிடைத்தது என்றுதான் சொன்னேன் என்பது அவர் வாதம். 2023இல் நீதிமன்றம் அதைக் கையெழுத்துக்குச் சமமாக ஏற்று, சுமார் 82,000 கனடிய டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது. விலை, தேதி, அளவு இருக்கும் செய்தி வந்தால் "பார்த்தேன், இன்னும் முடிவு பண்ணல, சாயங்காலம் சொல்றேன்" என்று எழுத்திலேயே பதில் போடுங்கள்.