உழவரிடம் நேரடியாகக் காய்கறிப் பை: ஊரடங்கில் தொடங்கியது, இன்று எப்படி ஓடுகிறது?

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடி, மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றியபோது, சென்னை அடுக்ககங்கள் பல உழவர்களிடம் நேரடியாகக் காய்கறி வாங்கத் தொடங்கின. நோய் பயம் தணிந்ததும் பெரும்பாலானவை நின்றுபோயின. தாக்குப்பிடித்தவற்றில் பொதுவாகக் காணும் விஷயம் ஒன்றுதான்: வீட்டுக்காரர் கேட்டதை அனுப்பாமல், வயலில் வந்ததைக் கட்டிய பையாக அனுப்புகிறார்கள்.

அதற்குக் காரணம் செடிதான். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும்; விட்டால் நார் ஏறி முற்றிவிடும். கத்தரி நான்கைந்து நாளுக்கொரு பறிப்பு. "சனிக்கிழமை மட்டும் போதும்" என்றால் மற்ற நாள் வெண்டை கமிஷன் மண்டிக்குத்தான் போகும். ஆகவே வாரம் இரண்டு நடை வையுங்கள். முடியாவிட்டால், வெவ்வேறு வாரங்களில் விதைக்கும் மூன்று நான்கு உழவர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளிடம் பதினைந்து வகை கேட்டால், பாதியை அவரும் மண்டியில் வாங்கித்தான் தருவார்.

நான்கு பேர் வீட்டுக்கு வாரம் 6 கிலோ சரியாக இருக்கும். தக்காளியும் வெங்காயமும் தலா ஒரு கிலோ, நாட்டுக்காய் மூன்று கிலோ, மீதி பூசணி, சேனை, வாழைக்காய் மாதிரி தாங்கும் சரக்கு. கீரை கணக்கில் சேராது, கட்டுதான்.

வண்டிக் கணக்கில்தான் பலர் கவிழ்கிறார்கள். வாரத்துக்கு வண்டி வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 வீட்டின் 240 கிலோவுக்குக் கிலோவுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் விழும். பக்கத்து அடுக்ககமும் சேர்ந்து 600 கிலோ ஆனால் மூன்றரைக்குள் அடங்கும். கூட்டு சேராமல் தொடங்காதீர்கள்.

தக்காளியைச் செங்காயாகப் பறித்து, கிரேட்டில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்த வேண்டும். நிரம்பி வழிந்தால் மேல் கிரேட் அழுத்தி, அடுத்த நாளே நீர் விடும். கீரையை வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றினால் காலைவரை நிற்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வெந்துவிடும். மாலையில் பறித்த காய் விடிவதற்குள் எடை இழக்கும் என்பதால், கிலோவுக்கு 50 கிராம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். எடைச் சண்டை பாதி அதோடு தீரும். வீட்டுக்கு இரண்டு துணிப்பை: ஒன்று வரும்போது மற்றது திரும்பும்.

காய்கறியைச் சோப்பு போட்டுக் கழுவும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொரோனா காலத்திலேயே சோப்பு கூடாது, நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்றுதான் சொன்னது. அதையும் சமைக்கும் முன் செய்யுங்கள். கழுவி ஈரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்த பீன்ஸ் இரண்டே நாளில் வழவழக்கும்.

விலைக்கு 1999 முதல் இருக்கும் உழவர் சந்தைக் கணக்கே நல்ல அளவுகோல்: மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, சில்லறையைவிட 15 சதவீதம் குறைவு. ஆனால் தினசரி விலையைத் துரத்தினால் இரண்டு தரப்பும் ஓடும். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது உழவருக்கு மண்டி இனித்தது. பத்துக்கு விழும் மாதங்களில் வீட்டுக்காரர் தள்ளுவண்டிக்குப் போய்விடுவார். பருவத் தொடக்கத்திலேயே கீழ்விலை, மேல்விலை இரண்டையும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். தக்காளிக்கு 20-லிருந்து 60 என்பது போல.

பணத்தை மாத முன்பணமாகக் கொடுப்பதே நல்லது. உழவர் விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கும் நேரத்தில் அது கைக்கு வரும். வெளியூர் போகிறவர் பையை ரத்து செய்யாமல் பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிடட்டும். ரத்துக்கு இடம் கொடுத்தால், மே மாத விடுமுறையில் பறித்த காய்க்கு ஆள் இருக்காது.