நட்சத்திர பிஸ்கட்டுக்குத் தகர அச்சா, எவர்சில்வர் அச்சா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளிக்கு முறுக்கு பிழியும் வீடுகளில் பிஸ்கட்டும் தட்டுத் தட்டாக வேகும். அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் அனுப்பி ஓய்வதற்குள் கிறிஸ்துமஸ் வந்து நிற்கும். இந்த முறை எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டில் இரண்டு அச்சுகளை வைத்துப் பார்த்தோம். ஒன்று பெரியம்மாவுடைய கைவேலைத் தகர அச்சு, மற்றது நான் வாங்கிய எவர்சில்வர் வளையம். இரண்டுமே ஐந்துமுனை நட்சத்திரம்.

கூர்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் முதுகில் இருக்கிறது. தகர அச்சின் மேல் ஒரு தட்டை வைத்துப் பற்றவைத்து, நடுவில் விரல் நுழையும் ஓட்டை போட்டிருக்கிறார்கள். உள்ளங்கையால் அழுத்தினால் ஐந்து முனையும் ஒன்றாக இறங்கும். டிசம்பர் வெக்கையில் வெண்ணெய் இளகி மாவு முனைக்குள் ஒட்டிக்கொள்ளும்போது ஓட்டை வழியாக விரலால் தள்ளினால் போதும், நட்சத்திரம் முழுசாக விழும். என் வளையத்தில் அதே மாவு இரண்டு முனையை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது. மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தபிறகுதான் வழிக்கு வந்தது.

ஆனால் வளையத்துக்குள் எட்டிப் பார்த்து நெருக்கி நெருக்கி வெட்டலாம். தகர அச்சில் மேல்தட்டு மறைப்பதால் பெரியம்மா குத்துமதிப்பாகத்தான் வைக்கிறார். துண்டு மாவு நிறைய மிஞ்சுகிறது.

சரி, துரு. கடற்காற்று அடிக்கும் ஊரில் இதைப் பேசாமல் முடியாது. இந்தத் தகரம் வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. கூரைத் தகரத்தில் பூசுவது துத்தநாகம். கீறல் விழுந்தாலும் அது தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். வெள்ளீயத்துக்கு அந்தக் குணம் கிடையாது. பூச்சு கீறிய இடத்தில் இரும்புதான் முதலில் துருப்பிடிக்கும். ஒரு ராத்திரி சிங்க்கில் கிடந்தாலே ஓரம் சிவந்துவிடும். எவர்சில்வருக்கு இந்தக் கவலையே இல்லை.

கழுவிய தகர அச்சை அடுப்புச் சூட்டில் காயவைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் ஓவனை அணைத்துச் சூடு தணிந்த பிறகு. நான் ஒருமுறை 200 டிகிரியில் இருந்த ஓவனுக்குள் ஒரு பழைய அச்சை வைத்து மறந்தேன். கைப்பிடி தனியாக வந்துவிட்டது. துண்டுகளை ஒட்டவைக்க உருக்கி ஊற்றும் பழைய பற்றாசு பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்தது, 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். நம் வாயில் இரண்டுமே ‘ஈயம்’தான், ஆனால் ரசத்துக்கு ஈயச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில், காரீயம் நஞ்சு. அதனால் பழஞ்சாமான் கடையில் கிடைக்கும் அச்சைச் சுவரில் மாட்டுங்கள், மாவில் வைக்காதீர்கள். புதிதாக வாங்கினால் காரீயம் இல்லாத பற்றாசுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்டிக் அச்சின் ஓரம் மொத்தை. குழந்தைகள் கையில் கொடுக்கச் சரி. தாமிரம் பார்க்க அழகு, விலையைக் கேட்டால் அழகு போய்விடும்.

பத்துப் பேருக்கு ஒரே நாளில் சுட்டு, அச்சை ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர் எவர்சில்வரே வாங்கலாம். எனக்கு முனை முறியாத நட்சத்திரம் வேண்டும், தகரத்துக்கு மாறிவிட்டேன். பெரியம்மா தன்னுடையதைத் துடைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைக்கிறார். அடுத்த தீபாவளி வரை யாரும் கேட்கக் கூடாதாம்.