வேதியியல் வகுப்பில் பிளிக்கர்ஸ் அட்டைகள்: ஒரு பருவம் பயன்படுத்திய பிறகு

பாடத்தை வீட்டில் காணொளியாகப் பார்த்துவிட்டு வரவேண்டும், வகுப்பு நேரம் முழுக்க வாதம்தான் என்று மாற்றியபோது எனக்கு ஒரு சிக்கல். கை தூக்கச் சொன்னால், முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் மற்ற கைகள் உயரும். அதற்காகத்தான் பிளிக்கர்ஸ் அட்டைகளை எடுத்தேன்.

ஆளுக்கு ஓர் அட்டை, அதில் ஒரு கறுப்பு வெள்ளைக் கோலம். நான்கு ஓரத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடை மேலே வருமாறு பிடிக்க வேண்டும். நான் ஃபோன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை ஓட்டுவேன்; யார் எந்த விடையைப் பிடித்தார் என்று பிளிக்கர்ஸ் செயலி படித்துக்கொள்ளும். மாணவர்களுக்கு ஃபோன் வேண்டாம். ஒவ்வோர் அட்டையும் வேறு வடிவம், காப்பியடிக்க வழியில்லை.

ஒரு கேள்வி: 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மி.லி., அதே செறிவில் அதே அளவு அசெட்டிக் அமிலம். நடுநிலையாக்க எதற்கு அதிக சோடியம் ஹைட்ராக்சைடு தேவை? 'இரண்டுக்கும் சமம்' என்று சரியாகப் பிடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். விடையைச் சொல்லாமல், "வேறு விடை வைத்திருப்பவரோடு பேசுங்கள்" என்றேன். வாயே திறக்காத ஒரு மாணவி, "பிரிஞ்ச அயனி தீரத் தீர மீதி அமிலமும் பிரியுமே" என்றாள். இதையேதான் நான் வருடக்கணக்கில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்! இரண்டாம் சுற்றில் நான்கைந்து அட்டைகள்தான் தவறு.

1991-ல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புக்காக, வாக்களித்து, பேசி, மறுபடி வாக்களிக்கும் இந்த முறையைத் தொடங்கிய எரிக் மஸூர் தரப்பின் கணக்கு, முதல் வாக்கில் 30 முதல் 70 சதவீதம் சரியென்றால் பேசவிடலாம் என்பது. ஒருமுறை அதை மீறினேன். மூடிய கலத்தில் கால்சியம் கார்பனேட் சிதைந்து சமநிலையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கார்பனேட் போட்டால் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் என்னாகும்? 'மாறாது' என்று சரியாகப் பிடித்தவர்கள் ஐந்தே பேர். சத்தமாகப் பேசும் ஒருவன் அந்த ஐவரில் மூவரையும் தன் பக்கம் இழுத்துவிட்டான். அன்று முதலிலிருந்து நானே நடத்தியிருக்க வேண்டும்.

குறை என்றால், நாலு விடைக்குள் அடங்காத எதையும் இந்த அட்டையால் கேட்க முடியாது. சமன்பாட்டைச் சமன்செய்வதெல்லாம் நோட்டில்தான். காணொளி பார்க்காமல் வருபவனையும் இது திருத்தாது. நல்ல கேள்வி ஒன்றை யோசிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போகிறது, அது தனிக் கதை.

பளபளப்பாக லேமினேட் செய்தது என் தப்பு. ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா திணறும். அடுத்த செட்டை வெறும் கெட்டி அட்டையிலேயே அச்சிட்டுவிட்டேன்.