பழைய எலக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: எங்கள் 7,60,000 ரூபாய் போன கதை

நேற்று மத்தியானம் மூன்று மணி இருக்கும், என் தையல் கடையில் ஒரு பிளவுஸுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இருந்து ஒரு பெண் பேசினார். "மேடம், உங்க வண்டியோட பேட்டரி பேக்கை ஏற்கெனவே வெளியில யாரோ திறந்து வேலை பாத்திருக்காங்க. சீல் உடைஞ்சிருக்கு. அதனால வாரண்டி கிடைக்காது." புது பேக் போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். ஐந்து லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார். மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாங்கி 23 நாள்தான் ஆகிறது. கொடுத்த பணம் 7,60,000 ரூபாய்.

விற்றவர்களின் பெயரை இங்கே போடவில்லை. வக்கீலாக இருக்கும் எங்கள் சொந்தக்கார அண்ணன், கேஸ் கொடுக்கும்வரை பெயர் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எப்படிப்பட்ட இடம் என்று மட்டும் சொல்கிறேன். போனில் படம் படமாகப் பழைய கார்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் "பரிசோதித்துச் சான்று தரப்பட்டது" என்று முத்திரை போட்டு, கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த கூடத்துக்கு நம்மை வரவழைத்து விற்கும் இடம். தெருவோரத்து புரோக்கரிடம் மாட்டக்கூடாது என்றுதான் அங்கே போனோம்.

எங்களுக்குக் கார் ஆடம்பரத்துக்கு இல்லை. அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒரு முறை போகவேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் இருந்து போகவர 110 கிலோமீட்டர். வாடகைக் காருக்குக் காத்திருப்புக் கூலியோடு ஒவ்வொரு முறையும் 3,500 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. வீட்டிலேயே ராத்திரி சார்ஜ் போட்டால் கரண்ட் பில்லோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். கணக்கு தப்பில்லை, இப்போதும் அதைத்தான் சொல்வேன். நகையை வைத்து 3,00,000, முடிந்திருந்த சீட்டில் 2,60,000, வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பியது 2,00,000. இப்படித்தான் அந்த 7,60,000 சேர்ந்தது.

எலக்ட்ரிக் கார் என்றதும் வீட்டில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். மாமா, அதாவது என் மாமனார், "மழையில ஷாக் அடிக்காதா? நமக்கு ஆனியில ஒரு மழை, ஐப்பசியில ஒரு மழைன்னு ரெண்டு மழைக்காலம் உண்டே" என்றார். தீப்பிடிக்கும் என்றார் அடுத்த வீட்டு அண்ணன். பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஐந்து பேரோடு ஏறுமா என்று என் வீட்டுக்காரருக்கே சந்தேகம். நாங்கள் ஒவ்வொன்றையும் விசாரித்தோம். பேட்டரி தண்ணீர் புகாத பெட்டிக்குள் இருக்கிறது, மழையில் ஓட்டலாம் என்று தெரிந்தது. வாங்கிய நான்காம் நாள் ஐந்து பேர் ஏறி பேச்சிப்பாறை போனோம், மூச்சே வாங்காமல் ஏறியது. ஊரில் கேட்கிற சந்தேகம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எங்களை விழுங்கிய விஷயத்தை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் இருபது வருஷம் ஜீப்பும் வேனும் ஓட்டியவர். பழைய பெட்ரோல் வண்டியோ டீசல் வண்டியோ ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தால் சத்தத்தை வைத்தே இன்ஜின் எப்படி என்று சொல்லிவிடுவார். ஆயில் குச்சியை உருவி விரலில் தடவிப் பார்ப்பார், புகையின் நிறம் பார்ப்பார். இந்தக் காரில் சத்தமும் இல்லை, ஆயில் குச்சியும் இல்லை, புகையும் இல்லை. பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார். டயர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் சரி என்றார். ஆர்.சி.யை எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் போட்டுப் பார்த்தோம், லோன் பாக்கி எதுவும் இல்லை, இன்சூரன்ஸ் இருந்தது. 2021 மாடல், 52,000 கிலோமீட்டர் ஓடியது. அவர்கள் கொடுத்த பரிசோதனை ரிப்போர்ட் பல பக்கம். வைப்பர் பிளேடு, கண்ணாடி ஏற்றும் சுவிட்ச், பின்சீட்டு பெல்ட் என்று வரிசையாக டிக். பேட்டரி என்று ஒரே ஒரு வரி, அதற்கு நேராக "நல்ல நிலை". அவ்வளவுதான். காரின் விலையில் பெரும்பங்கு அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, அதற்கு இரண்டு சொல். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஏன் நம்பினோம் என்று நேற்று முழுக்க யோசித்தேன். அங்கே எங்களுக்குக் கார் காட்டி விற்ற பையன்தான் காரணம். இருபத்தைந்து வயசு இருக்கும். "அக்கா, எனக்க வீடு கருங்கல் பக்கம்தான்" என்று ஆரம்பித்தான். அம்மாவை டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப்போகலாமா என்று அவனே கேட்டான். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, கையைப் பிடித்து உட்காரவைத்து, பெல்ட்டை அம்மாவின் ஊசி போட்ட கையில் உரசாதபடி மாட்டிவிட்டான். குளிருகிறது என்று அம்மா சொல்லுமுன்னே ஏசிக் காற்றை வேறு பக்கம் திருப்பினான். இறங்கியதும் அம்மா என் காதில், "இந்தப் பிள்ள ஏமாத்தாது மக்ளே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் சாய்ந்தேன்.

பேட்டரி வாரண்டி பற்றி நான் கேட்கத்தான் செய்தேன். "எட்டு வருஷம், இல்லன்னா 1,60,000 கிலோமீட்டர் அக்கா. இன்னும் பாதி மிச்சம் இருக்கு, உங்க பேருக்கு அப்படியே மாறிரும்" என்றான். வாயால் சொன்னான். பிறகு என் போனுக்கு ஒரு லிங்க் வந்தது. 14 பக்க ஒப்பந்தம், எல்லாம் இங்கிலீஷ், எழுத்து எறும்பு மாதிரி. படிக்கட்டுமா என்றேன். "எல்லாருக்கும் ஒரே பார்ம்தான் அக்கா, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றான். ஆறு எண்ணையும் சொன்னேன். அந்த ஓடிபிதான் என் கையெழுத்து. அதில் 11ஆம் பக்கத்தில், வண்டி "இருக்கிற நிலையில்" விற்கப்படுகிறது, தயாரிப்பாளர் வாரண்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இருக்கிறது. வக்கீல் அண்ணன் படித்துக் காட்டும்வரை எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் அம்மாவோடு திருவனந்தபுரம் போனோம். கிளம்பும்போது 100 சதவீதம், 258 கிலோமீட்டர் ஓடும் என்று மீட்டர் காட்டியது. ஆஸ்பத்திரி வாசலில் 58 சதவீதம். அரைவாசி தூரம்கூட ஓடவில்லையே, இதென்ன இப்படி என்றேன். ஏசி போட்டதால் இருக்கும் என்றார் அவர். திரும்பும்போது நெய்யாற்றின்கரையில் 42. பாறசாலைக்குக் கொஞ்சம் முன்னால் 36 இருந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 9 ஆனது. படிப்படியாக இறங்கவில்லை, 36க்கு அடுத்து 9. மீட்டரில் ஆமைப் படம் ஒன்று எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வண்டி நகர்ந்தது, ஓடவில்லை. பின்னால் கேரளா பஸ் ஹாரன் அடிக்கிறது. ஓரம் கட்டினோம். கையில் பிளாஸ்டரோடு அம்மா முன் சீட்டில் ஒன்றும் பேசாமல் இருந்தாள். இருட்டும்வரை காத்திருந்து, அம்மாவை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைத் தூக்கி வரும் லாரிக்கு 4,500 ரூபாய் கொடுத்தோம்.

மறுநாள் கொழுந்தனார் மகன் வந்தான். அவன் எலக்ட்ரீஷியன். சார்ஜ் போடும் 15 ஆம்ப் பிளக்குக்கு ஒரு சப் மீட்டரை இணைத்தான். "சித்தி, இது 30 யூனிட் பேட்டரி. 8 சதவீதத்துல இருந்து 100 ஆக்கணும்னா 27, 28 யூனிட் உள்ள போகணும். சார்ஜ் ஆகும்போது வீணாகிறதும் சேந்தா மீட்டர்ல 30 கிட்ட ஓடணும். நேரமும் பத்து மணி நேரம் பிடிக்கும்" என்றான். ராத்திரி பத்து மணிக்குப் போட்டோம். விடியுமுன்னே 100 காட்டி நின்றுவிட்டது. சப் மீட்டரில் 19 யூனிட். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேட்டரி செத்திருக்கிறது. திடீரென்று 36 ஒன்பதானதற்கும் காரணம் சொன்னான்: உள்ளே நிறைய செல் உண்டு, அதில் ஒரு கூட்டம் பலவீனமாகிவிட்டால் அது மற்றவற்றுக்கு முன்னாலே காலியாகும், அந்த இடத்தில் வண்டி தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இதைத்தான் சர்வீஸ் சென்டரும் பிறகு உறுதி பண்ணியது. இருநூறு ரூபாய் துணியைக்கூட வெளிச்சத்தில் பிடித்து நெசவு பார்த்து வாங்குகிற நான், 7,60,000 ரூபாய் கொடுக்கும்போது ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுப் பார்க்கக் கேட்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் அந்தப் பையனுக்கு வாட்ஸ்அப். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கூப்பிட்டால், "அக்கா, நான் சேல்ஸ் மட்டும்தான், சர்வீஸ் டீம் கூப்பிடுவாங்க." சர்வீஸ் டீம் மூன்று நாள் கழித்து கூப்பிட்டது. ஹிந்தி கலந்த இங்கிலீஷில் ஒருவர், திருப்பித் தரும் காலம் 7 நாள், உங்கள் வண்டி நின்றது 9ஆம் நாள் என்றார். அந்த ஏழு நாளும் திங்கள்சந்தை, தக்கலை, ஒரு தடவை பேச்சிப்பாறை என்றுதான் ஓடியது, எப்படி ஐயா தெரியும்? அடுத்தவர், உங்கள் வீட்டுக் கரண்ட் சரியில்லை, எர்த் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். பார்த்தோம், எர்த் சரியாக இருந்தது. அதற்கடுத்தவர், நீங்கள் வேகமாக ஓட்டுகிறீர்கள் என்றார். நேரில் போனால் மேனேஜர் எலுமிச்சை டீ வரவழைத்துக் கொடுத்தார். "நாங்க வாங்குறவங்களையும் விக்கிறவங்களையும் சேத்து வைக்கிற தளம்தான் மேடம்" என்றார். பில்லில் விற்றவர் என்று அவர்கள் கம்பெனி பெயர்தானே இருக்கிறது என்று காட்டினேன். மேலே பேசுகிறேன் என்று எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. நாங்கள் வீடு வந்து சேருமுன் போனில் செய்தி: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" கோபத்தில் கை நடுங்கியது.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு நிலையாக இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய எலக்ட்ரிக் கார் பார்த்தால், முன்பணம் கொடுக்குமுன் வண்டியைத் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து, பேட்டரி வாரண்டி உயிரோடு இருக்கிறதா, என் பெயருக்கு மாறுமா, பேக்கை யாராவது திறந்திருக்கிறார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பேட்டரி எத்தனை சதவீதம் மிச்சம் என்ற எண் வேண்டும், "நல்ல நிலை" என்ற சொல் வேண்டாம். விற்கிறவர் அங்கே கொண்டுபோக மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சப் மீட்டர் போட்டு ஒரு ராத்திரி சார்ஜ் பண்ணிப் பாருங்கள். நிறைந்த சார்ஜில் இருந்து இருபதுக்கு இறங்கும்வரை ஓட்டிப் பாருங்கள், கூடத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவது ஒன்றுக்கும் ஆகாது. ஒப்பந்தம் படிக்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். வாயால் சொன்ன எதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்று காலையில் புகார் பதிந்துவிட்டேன். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் கொடுக்கலாம், நமக்கு அது நாகர்கோவிலில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணமே இல்லை, என் 7,60,000க்கு 200 ரூபாய்.

வண்டி முற்றத்துப் பலாமரத்தடியில் நிற்கிறது. அம்மாவுக்கு அடுத்த தேதி வருகிற புதன்கிழமை, 3,500 ரூபாய்க்கு வாடகைக் கார் சொல்லியாகிவிட்டது. இதே மாதிரி இடத்தில் எலக்ட்ரிக் கார் வாங்கி பேட்டரியில் ஏமாந்தவர்கள் நம் மாவட்டத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து கேஸ் கொடுக்கலாம். பில், ஒப்பந்தம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.