தூரமானி சேர்ந்த பைனாகுலர் வாங்கப் போகிறவர்களுக்கு

சேர்வராயன் மலையில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. பழம் பறிக்கும் பருவத்தில் ஆட்கள் உள்ளே இறங்குவதற்கு முன், காட்டெருமைகள் எந்தச் சரிவில், எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று பார்த்துச் சொல்வது என் காலை வேலை. இதற்காகச் சென்ற ஐப்பசியில் சேலத்துக் கடை ஒன்றில், லேசர் தூரமானி உள்ளேயே பொருத்தப்பட்ட பைனாகுலரை 38,000 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தேன்.

நான் கேட்டுப் போனது ஒரு 8×42 பைனாகுலரும் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முகப்புக் கண்ணாடி 42 மில்லிமீட்டர்), சட்டைப் பையில் அடங்கும் தனித் தூரமானி ஒன்றும்தான். கடைக்காரர், “இரண்டையும் தூக்கிக்கொண்டு மலையில் எதற்கு சார் அவஸ்தை? வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் இப்போது இதைத்தான் வாங்குகிறார்கள்” என்று சொல்லி, மாடிக்கு அழைத்துப் போய், மேம்பாலத்தின் பச்சை வழிகாட்டிப் பலகையைக் குறிவைக்கச் சொன்னார். பொத்தானை அழுத்திய கணமே சிவப்பு எழுத்தில் 386 என்று வந்தது. நான் மயங்கியது அந்த எண்ணில்தான்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. லைக்கா நிறுவனம் 1992இல் இத்தகைய கருவியைக் கொண்டுவந்ததிலிருந்து, விலங்கு நகர்ந்துவிடுமுன் ஒரே பார்வையில் கண்டு அளந்துவிட வேண்டிய வெளிநாட்டு வேட்டைக்காரருக்கு அது பயன்படத்தான் செய்கிறது. (நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பேச்சுக்கே இடமில்லை, காட்டெருமை அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது.) ஆனால் நல்ல கண்ணாடியும் நல்ல தூரமானியும் ஒரே கூட்டில் வேண்டுமென்றால் விலை லட்சங்களில் போகிறது. நான் கொடுத்த விலைக்கு இரண்டில் ஒன்றாவது மட்டமாகத்தான் இருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

வித்தை அந்தப் பலகையில் இருந்தது. தூரமானி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. 150 மீட்டர் தள்ளியுள்ள பொருளுக்குப் போய்வர ஒரு மைக்ரோ நொடிதான் ஆகும். சாலைப் பலகையும் வண்டி நம்பர் பிளேட்டும் வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் தாளால் ஆனவை என்பதால், எந்த மட்டமான கருவியும் அவற்றை அளந்துவிடும். அளக்கும் தூரம் என்று பெட்டியில் போட்டிருந்த 1500 என்பதும் அப்படிப்பட்ட பரப்புக்கான கணக்கு. அதுவும் மீட்டர் அல்ல, யார்டு, அதாவது சுமார் 1,370 மீட்டர். ஒழுங்கான தயாரிப்பாளர்கள் மரத்துக்கும் விலங்குக்கும் தனித்தனி எண்களை, மிகவும் குறைத்தே, அச்சிடுகிறார்கள். என் கருவி வெயில் அடிக்கும் நாளிலேயே காட்டெருமையின் கருத்த உடம்பை 200 மீட்டருக்கு மேல் அளக்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள், பழம் உரிக்கும் கொட்டகைக்கு அப்பால் காட்டெருமைக் காளை ஒன்று தனியாக நின்றது. பனியில் உடம்பு தெரியவில்லை; முழங்காலுக்குக் கீழே காலுறை மாட்டியதுபோல் இருக்கும் அந்த வெள்ளை நிறம் மட்டும் தெரிந்தது. “எவ்வளவு தூரமுங்க?” என்று மேஸ்திரி கேட்டார். அழுத்தினேன், 14. மறுபடி அழுத்தினேன், 13. கருவி பனியைத்தான் அளந்துகொண்டிருந்தது. அது எந்த லேசருக்கும் உள்ள குறை என்று விட்டுவிடலாம். ஆனால் பனி விலகிய பிறகும், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடியின் இலையை அளந்து 22 என்றே காட்டியது. காரணம் பிறகுதான் புரிந்தது. கோல்ஃப் ஆடுபவருக்கான தூரமானி, பின்னால் இருக்கும் மரங்களை விட்டுவிட்டு முன்னால் குழியில் நட்டிருக்கும் கொடிக்கம்பத்தைப் பிடிக்கும். வேட்டைக்கானது புதரை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் பிடிக்கும். என்னிடம் விற்றது கோல்ஃப் தூரமானியின் உள்ளுறுப்பு. அதை மாற்றும் வசதியும் மெனுவில் இல்லை.

கண்ணாடியிலும் ஏமாற்று இருந்தது. பைனாகுலரைக் கைநீட்டி வானத்தைப் பார்த்துப் பிடித்தால், கண்வைக்கும் பக்கத்தில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, வட்டம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது என்னுடையதில் மூன்றரைதான் இருந்தது, ஓரமும் நறுக்கியதுபோல் இருந்தது. முகப்பில் பெரிய கண்ணாடியை வைத்து, உள்ளே ஒளியை மறித்திருக்கிறார்கள். விடியற்காலையில் காட்சி நீலம் பாய்ந்து மங்கலாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைக்குக் கொண்டுபோனபோது முதலில் பேட்டரி என்றார். புது சிஆர்2 பேட்டரி போட்டும் 22 மாறவில்லை. பிறகு “கம்பெனிக்கு அனுப்புகிறோம் சார்” என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஏழு வாரம் திரும்பவில்லை. தூரமானிக்குத்தான் பழுது, ஆனால் பைனாகுலரும் கூடவே போய்விட்டது. பறிப்பு மும்முரத்தில் வெறுங்கண்ணோடு சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது எதுவும் மாறியிருக்கவில்லை. அப்போதுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் எந்த நாட்டுப் பொருள் என்பதும் கட்டாயம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. எந்தக் கம்பெனிக்கு அனுப்பினார் என்பது அவருக்கே வெளிச்சம்.

விலையைக் குறைக்கிறேன் என்றதால் பில் வாங்காமல் விட்டது என் தவறு. நல்லவேளையாக முன்பணம் 10,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பியிருந்தேன். வாட்ஸாப்பில் அவர் எழுதிய உத்தரவாதமும் அழியாமல் இருக்கிறது. இவற்றை வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

இப்போது முதலில் நினைத்தபடியே இரண்டையும் தனித்தனியாக, பில்லோடு வாங்கிவிட்டேன். வாங்குமுன் கடை வாசலில் நின்று, பலகையை விட்டுவிட்டு, எதிர்ச் சந்தின் வேப்பமரத்தை அளந்து பார்த்தேன். பனி இறங்கும் காலைகளில் இந்தத் தூரமானியும் 14, 13 என்றுதான் காட்டுகிறது. அதைப் பையிலேயே போட்டுவிட்டு, கழுத்தில் இருக்கும் பைனாகுலரில் வெள்ளைக் காலுறை எங்கே தெரிகிறது என்று தேடுகிறேன்.