கை அழுக்காக ஆசையா? ஆத்தங்குடிக் கல், கொட்டான், கோலம், களிமண்: ஓர் அலசல்

காரைக்குடிப் பக்கம் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் கானாடுகாத்தான் வீடுகளைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறிய பிறகு பயபக்தி இன்னும் கூடிவிட்டது. எதையும் தொடக்கூட யோசிக்கிறார்கள். ஆனால் அந்த வளவிலும் (நடுமுற்றம்) பட்டாசாலையிலும் (கூடம்) பளபளக்கிற எதுவும் கை அழுக்காகாமல் வந்ததில்லை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் குழைத்துத் தேய்த்ததுதான் அந்தச் சுவர். சாயச் சிமெண்டைக் கரண்டியால் மொண்டு ஊற்றியதுதான் அந்தத் தரை.

வேலை, வீடு, போன் என்று நாள் முழுக்க ஓடிவிட்டு, சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ கொஞ்ச நேரம் கலரைக் கொட்டி, குழைத்து, அப்பி விளையாடணும் என்று தோன்றுகிறவர்களுக்கு இந்த வட்டாரத்திலேயே நாலு வழி இருக்கிறது. நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: தப்பாகப் போனால் என்ன ஆகும்? அதை வைத்துத்தான் அது பொழுதுபோக்கா, பரீட்சையா என்பது தெரியும்.

கண்டாங்கிச் சேலையை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். கடுகு மஞ்சளும் அரக்குச் சிவப்பும் கண்ணைப் பறிக்கும், 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனால் தறி கைவரப் பல மாசம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு அது தோதுப்படாது.

ஆத்தங்குடிக் கல்

கலர் என்று பார்த்தால் இந்தத் தரைக் கல்லுக்கு ஈடில்லை. ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கூழ் பதத்தில் கரைத்த சாயச் சிமெண்டை ஊற்றுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை. அச்சை மேலே தூக்கும்போது கலர்கள் ஒன்றையொன்று தொட்டு, கலக்காமல் நிற்கும். அந்த ஒரு நொடிக்காகவே போய்ப் பார்க்கலாம். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு, கரணையால் மட்டம் செய்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்கும். சூளையும் கிடையாது, பாலிஷும் கிடையாது. கண்ணாடியில் ஒட்டிக் கிடந்த முகம் என்பதால்தான் அந்த வழுவழுப்பு.

இதில் ஒரு வேடிக்கை, நீங்கள் ஊற்றுவது கல்லின் முகத்தை, ஆனால் அது குப்புறக் கிடக்கிறது. கண்ணாடி பிரிகிற அன்றைக்குத்தான் பூ எப்படி வந்தது என்று தெரியும். தப்பானால் திருத்த வழியில்லை. அச்சுப் பூவில் கோடு கொஞ்சம் வழிந்தாலும் கண்ணை உறுத்தும். அதனால் புதுக் கைக்கு நான் சொல்வது அச்சில்லாத கல். இரண்டு மூன்று கலரைச் சட்டத்துக்குள் நேராக ஊற்றி, ஒரு குச்சியால் இழுத்துச் சுழித்துவிட வேண்டியதுதான். மார்பிள் மாதிரி ஓடும். கைதேர்ந்தவர்கள் அச்சே வைக்காமல் கரண்டி முனையிலேயே பூவும் இலையும் வளைக்கிறார்கள். அதை நின்று பாருங்கள், ஆனால் அன்றைக்கே செய்துபார்க்க வேண்டாம்.

சில பட்டறைகளில் கேட்டால் ஒரு கல் ஊற்ற விடுவார்கள். "மெதுவா ஊத்துங்க தம்பி, ஒசக்கத் தூக்காதீங்க, தெறிச்சிரும்" என்று பக்கத்திலேயே நிற்பார்கள். ஈரச் சிமெண்டு சுண்ணாம்பு போலக் காரம், தோலை அரித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். வீட்டில் செய்யலாமா என்றால், தொட்டிக்கும் வெயிலுக்கும் இடம் இருந்தாலும் வாரா வாரம் ஆகிற காரியமில்லை. வருஷத்துக்கு ஒருநாள் திருவிழா என்று வைத்துக்கொள்ளலாம்.

கொட்டான்

பனங்குருத்தோலையைக் காயவைத்து, நாராகக் கிழித்து, சாயம் ஏற்றி முடைகிற சின்னக் கூடை. முன்பெல்லாம் ஆச்சிமார்கள் கல்யாணச் சீருக்கும் விசேஷத்துக்கும் வீட்டிலேயே முடைந்து, மணி கோத்து, பின்னல் உறை போட்டு வைப்பார்கள். நடுவில் பிளாஸ்டிக் வயர் கூடை வந்து ஓலையைத் தள்ளிவிட்டது. பிறகு ஓலை மீண்டு, புவிசார் குறியீடும் வாங்கியது.

முடைவது கொஞ்சமும் அழுக்கில்லாத வேலை. ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். மனசு அடங்கும், சந்தேகமில்லை. ஆனால் அப்பி விளையாட வந்தவருக்குக் கணக்கு வகுப்பு மாதிரி இருக்கும். இதில் எனக்குப் பிடித்தது சாயம் போடுகிற கட்டம்தான். கொதிக்கிற தண்ணீரில் சாயப்பொடி விழுந்ததும் பாத்திரமே ரத்தச் சிவப்பாகும். ஓலையை முக்கி எடுத்தால் ஒவ்வொரு நாரும் ஒவ்வொரு அழுத்தத்தில் சாயம் குடித்திருக்கும். இளங்குருத்து நன்றாக இழுக்கும், முற்றின ஓலை வெளுப்பாக நிற்கும். விரல் நகத்தில் ஏறின கலர் ரெண்டு மூன்று நாளைக்குப் போகாது. சமையல் பாத்திரத்தை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், சாயத்துக்கென்று ஒரு பழைய அலுமினியப் பாத்திரம் தனியாக இருக்கட்டும்.

தப்பினால்? பிரித்து மறுபடி முடையலாம். பல தடவை பிரித்தால் ஓலை கிழியும், அவ்வளவுதான். பொறுமைசாலிகளுக்கு முதல் இடம் இதற்கே. நான் அந்த ஜாதியில்லை.

கோலம்

செலவே இல்லாதது. பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, துணியை மாவில் நனைத்துப் பிழிந்தால் மோதிர விரல் வழியாக இழை இறங்கும். நகரத்தார் வீடுகளில் விசேஷத்துக்குப் போடுகிற நடுவீட்டுக் கோலம் இந்த மாவில்தான். ஈரமாக இருக்கும்போது இழை மங்கலாகத் தெரியும். காயக் காயத்தான் வெள்ளை ஏறி, சிவப்புக் கல் தரையிலிருந்து எழுந்து நிற்கும். போட்டவருக்கே அப்போதுதான் முழுக்கோலம் கண்ணில் படும்.

கலர் வேண்டுமென்றால் வாசலில் பொடிக்கோலம். மார்கழியில் தெருவே கலராகிவிடும். தப்பினால் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிடலாம், மறுநாள் புதுத் தரை. இவ்வளவு மன்னிக்கிற கலை வேறில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் வாசலில் போட்டால் தெரு பார்க்கும். "அந்த மூலையில ஒரு புள்ளி கொறையுதே ஆச்சி" என்று பால்காரர் வரைக்கும் மார்க் போடுவார்கள். ஆசைக்குச் செய்வதில் அடுத்தவர் கண் விழுந்தால் எனக்குக் கை கூசும். கூசாதவர்களுக்கு இதுவே போதும், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

களிமண்

என் ஓட்டு இதற்கு. இந்தப் பக்கம் அய்யனார் கோயில்களில் புரவியெடுப்புத் திருவிழாவுக்குச் செய்து நிறுத்துகிற மண் குதிரைகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு, மணியும் சலங்கையும் போட்டு, மஞ்சளும் சிவப்பும் பச்சையும் பூசி நிற்கும். ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. மண்ணுக்கு அலைய வேண்டாம், மண்பாண்டம் செய்கிற வேளார் வீடுகளில் கேட்டால் கல் நீக்கிப் பிசைந்த மண்ணே கிடைக்கும். மானாமதுரைப் பக்கம் போகிறவர்கள் அங்கேயும் வாங்கலாம். 2023-இல் அந்த ஊர் மண்பாண்டத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதில் ரெண்டு ஆட்டம். முதலில் முழங்கை வரைக்கும் சேறு. வடிவம் பிடிக்கவில்லையா, உருட்டிப் பந்தாக்கி மறுபடி ஆரம்பிக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும். கல்லிலும் ஓலையிலும் இந்தச் சலுகை இல்லை. குதிரைக்குக் காலை உருட்டும்போது உள்ளே பொள்ளலாக இருக்கட்டும், கெட்டியாக வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே காயாமல் வெடிக்கும். ஒட்டுகிற இடத்தை ரெண்டு பக்கமும் கீறி, மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி அழுத்துங்கள். சும்மா ஒட்டிவைத்த காது காய்ந்ததும் விழுந்துவிடும். மண்ணோடு கொஞ்சம் பொடிமணல் சேர்த்தால் விரிசல் குறையும்.

நிழலில் காய்ந்த பிறகு ரெண்டாவது ஆட்டம், கலர். சுடாத மண்மேல் போஸ்டர் கலரை நேரே பூசினால் மண் குடித்துவிடும், கலர் செத்துப்போகும். முதலில் வெள்ளை ஒரு பூச்சு அடித்து, அது காய்ந்ததும் மேலே பூசினால்தான் கோயில் குதிரையின் பளிச்சு வரும். பிள்ளைகளை வைத்துச் செய்ய இதைவிடத் தோதானது எதுவுமில்லை. கை அரிக்காது, சட்டையில் பட்டாலும் பெரும்பாலும் அலசினால் போய்விடும். சுடாத பொம்மை மழையில் கரையும் என்பது குறைதான். நிலைக்க வேண்டும் என்கிறவர்கள் கலர் பூசுவதற்கு முன்னாலேயே, நன்றாகக் காய்ந்ததை வேளாரிடம் கொடுத்துச் சூளையில் வைத்து வாங்கிக்கொள்ளலாம்.

காலம் பார்த்து ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண்ணும் காயாது, ஓலையில் பூஞ்சணமும் பிடிக்கும். தைக்கு மேல் தொடங்கினால் பங்குனி வரைக்கும் நன்றாகக் காயும். சித்திரை அனல் வந்துவிட்டால் மட்டும் ஈரத்துணி போட்டு மெல்லக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் குதிரையின் கழுத்துதான் முதலில் வெடிக்கும்.