பிரண்டைப் பொடிக்குக் காரைக்குடி நாட்டு மருந்துக் கடை

எங்கள் அயித்தைக்கு எலும்புத் தேய்மானம் என்று ஸ்கேனில் தெரிந்தபின், காரைக்குடிக் கடைவீதியில் உள்ள பழைய நாட்டு மருந்துக் கடைக்குத்தான் மாதாமாதம் போகிறேன். அங்கே வாங்கியவற்றில் எது காசுக்குத் தகும், எது தகாது என்று சொல்கிறேன்.

முதலில் பிரண்டைப் பொடி. 200 கிராம் 120 ரூபாய். பாக்கெட்டைப் பிரித்ததும் வறுத்த உளுந்தும் பெருங்காயமும் மணக்கின்றன. பிரண்டை ஒழுங்காக வதங்கியிருக்கிறதா என்பதற்கு நாக்குதான் சாட்சி. பிரண்டையில் உள்ள கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் நுண்ணிய ஊசிகள்தாம் நாக்கும் தொண்டையும் அரிப்பதற்குக் காரணம். இளந்தண்டாகப் பார்த்து, நான்கு பட்டையிலும் நார் உரித்து, நல்லெண்ணெயில் பச்சை நிறம் மாறும்வரை வதக்கி, புளி சேர்த்தால்தான் அடங்கும். இந்தப் பொடியைச் சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டால் தொண்டையில் ஒரு கீறல்கூட இல்லை. செய்தவருக்குக் கைப்பக்குவம் இருக்கிறது. பச்சைப் பிரண்டையும் ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள், முற்றியதைத் தள்ளிவிட்டே கட்டுகிறார்கள்.

அதே அலமாரியில் இருக்கும் பிரண்டை மாத்திரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எலும்புக்கு வலு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் கால்சியம் என்பது டப்பாவில் எங்குமே இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அளவே சொல்லாத டப்பாவை வைத்து அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? ஆங்கில மருந்துக்கடைக் கால்சியம் மாத்திரையிலும் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்: 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் 500தான். அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

கணக்கை நிரப்புவது கடையின் இன்னொரு மூலையில் சாக்கில் இருக்கிறது. தோல் நீக்காத கறுப்பு எள் 100 கிராமில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தோலிலேயே பெரும்பகுதி, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்சலேட்டும் அங்கேதான் என்பதால் முழுவதும் உடம்பில் சேராது. ஆனாலும் பொடித்துச் சாப்பிட்டால் பலன் உண்டு. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350. ஒரு தம்ளர் பால் 200 மில்லி என்றால் சுமார் 240, அதுவும் எளிதில் சேர்வது. எங்கள் வீட்டில் காலையில் கேழ்வரகுக் கூழில் மோர், மதியம் முருங்கைக்கீரை, சாயங்காலம் எள்ளுருண்டை. செட்டிநாட்டு இனிப்பான கும்மாயம் செய்யும் நாளில் அயித்தை வேறு எதையும் கேட்பதில்லை. அதில் உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும்தான், கால்சியத்துக்கு அதை நம்ப முடியாது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சத்துமாவு இங்கே வாங்க வேண்டாம். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். அதில் முதலில் நிற்பது சர்க்கரை.

கடைக்காரரை மதிக்க ஒரு காரணம் போதும். சங்கைப் புடமிட்டுச் செய்யும், கால்சியம் நிறைந்த சித்த மருந்தான சங்கு பற்பம் கேட்டேன். "சித்த மருத்துவர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் ஆச்சி. சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று முதலில் அவர் கேட்கட்டும்" என்றார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து இப்படிச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்!

பொடிப் பாக்கெட்டில் அரைத்த தேதியைப் போடுவதில்லை. நல்லெண்ணெயில் வதக்கிய பொருள் வெயில் காலத்தில் சீக்கிரம் சிக்கடித்துவிடும். தேதி போடச் சொல்லியிருக்கிறேன், இன்னும் போடவில்லை. அதுவரை 100 கிராமாகவே வாங்குங்கள். பச்சைப் பிரண்டைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானத்துக்குமேல் தண்டு வாடிவிடுகிறது.